எங்கள் தடத்திற்கு ஒரு தலைவன்

அந்த ஆண்டு எங்கள் பேருந்துத் தடத்திற்கு ஒரு தலைவன் வேண்டியிருந்தது. வேண்டியிருந்தது மாணவர்களுக்கு அன்று, காவல் நிலையத்திற்கு.

சென்னைக் கல்லூரிகளின் நடைமுறையை அறியாதவர்களுக்கு இதைச் சற்று விளக்கியாக வேண்டும். இங்கே ஒரு மாணவன் எந்தத் துறையில் படிக்கிறான் என்பதைவிட எந்தப் பேருந்தில் வருகிறான் என்பதே அவனுக்கு முதன்மையான அடையாளம். ஒரு தடத்தில் வருபவர்கள் ஒரு கூட்டம். கூட்டத்திற்கு ஒரு தலைவன். அவனை 'ரூட்டு தல' என்பார்கள். பாட்டைத் தொடங்கி வைப்பவன் அவன். பின்படியின் விளிம்பில் தொங்கும் உரிமை அவனுக்குரியது. வேறு தடத்தாரோடு பகை மூண்டால் முதற்கல் அவன் கையிலிருந்தே புறப்படும். அதற்கு ஈடாக முதல் தகவல் அறிக்கையிலும் முதற்பெயர் அவனுடையதாகவே இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை 'பஸ் டே' என்று பேருந்துக்கு மாலை சூட்டி, மேளம் கொட்டி, கூரைமேல் ஏறி ஆடுவார்கள். அது தடைசெய்யப்பட்ட விழா. தடைக்கு முன்பு அது வெறும் ஆட்டமாக இருந்தது. தடைக்குப் பின்பு அதில் வீரமும் சேர்ந்துகொண்டது.

பூந்தமல்லியில் புறப்பட்டு, சென்னீர்குப்பம், பருத்திப்பட்டு, ஆவடி வழியாக அம்பத்தூர் சேரும் எங்கள் தடத்தில் அப்படியொரு தலைவன் இருந்ததில்லை. மாணவர்களின் நல்லொழுக்கம் அதற்குக் காரணமன்று. காலை நேரத்தில் அந்தப் பேருந்தில் மாணவர்களைவிடத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் மிகுதி. எவனாவது படியில் நின்று பாட வாயெடுத்தால், "தம்பி, பாடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் உள்ள போப்பா, நாங்க ஏறணும்" என்று ஒரு குரல் எழும். அந்தக் குரலுக்கு எதிரே தலைமைப் பண்பு எதுவும் வளர்ந்ததில்லை.

நான் அம்பத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். வீடு பூந்தமல்லியில். ஆகவே நாள்தோறும் அதே பேருந்து. என் வகுப்பில் இல்லாத மாணவர்களும் என்னைத் 'தமிழம்மா' என்றே அழைத்தார்கள்.

தலைவன் இல்லாவிட்டாலும் எங்கள் தடத்திற்கு ஒரு வழக்கம் உண்டு. படியில் தொங்குபவனுக்கு இரண்டு கைகளும் வேண்டும். எனவே அவன் தன் பையைச் சன்னல் வழியாக, உட்கார்ந்திருப்பவரின் மடியில் வைத்துவிடுவான். அனுமதி கேட்பதில்லை, மறுப்பதும் முறையன்று. வணிகவியல் மூன்றாம் ஆண்டு படித்த ஓர் இளைஞன் புறப்படும் இடத்திலேயே ஏறுவான். பின்வாயிலை ஒட்டிய சன்னலோர இருக்கை அவனுக்குக் கிடைத்துவிடும். வீடு சென்னீர்குப்பத்தில்தான், இருக்கைக்காகவே பின்னோக்கிப் பூந்தமல்லிவரை வந்து ஏறுவான். ஆவடியை அடையும்போது அவன் மடியில் பைகள் குன்றாகக் குவிந்திருக்கும். குன்றின்மேல் இரண்டு கண்கள் மட்டும் தெரியும். அந்தக் குன்றின் மறைவில் அவன் ஒரு பொது அறிவுக் கையேட்டைப் படித்துக்கொண்டிருப்பான்.

அவன் காவலர் தேர்வுக்குப் படித்துவந்தான். எழுத்துத் தேர்வில் தேறினான்; பிறகு ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் தேறினான். எஞ்சியிருந்தது ஒன்றே: காவல் துறையினர் அவனுடைய நடத்தையை விசாரித்துச் சான்று தருவது. பெயர் ஒரு வழக்கில் இருந்தால் வேலை இல்லை. அவன் தந்தை காலமாகிவிட்டார். தாய் அம்பத்தூரில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்டில் தைத்துக்கொண்டிருந்தார். ஆகவே அந்த வேலை அவனுக்கு விருப்பம் மட்டுமன்று. அந்த வீட்டின் அடுத்த இருபது ஆண்டுகள்.

இந்நிலையில் எங்கள் பகுதிக்கு ஒரு புதிய ஆய்வாளர் வந்தார். நல்ல மனிதர், அதை நான் எள்ளலின்றியே சொல்கிறேன். இளைஞர்களைக் கைது செய்வதில் அவருக்கு விருப்பமில்லை. குற்றத்தின் பக்கம் போகுமுன்பே அவர்களைத் திருப்பிவிட வேண்டும் என்று மனமார நம்பினார். அவருடைய திட்டம் எளிமையானது. ஒவ்வொரு தடத்தின் தலைவனையும் அழைத்து, அவனுக்கு 'அமைதித் தூதர்' என்று பட்டம் சூட்டி, ஓர் உறுதிமொழி எடுக்கச் செய்தால், தலைவன் திருந்துவான். அவனைப் பார்த்துக் கூட்டமும் திருந்தும்.

கல்லூரியில் உறுதிமொழியை எழுதும் பொறுப்பும், எங்கள் தடத்தின் தலைவனைக் கண்டறிந்து அனுப்பும் பொறுப்பும் எனக்கு வந்தன. எங்கள் தடத்தில் தலைவனே இல்லை என்று முதல்வரிடம் சொன்னேன்.

"இல்லைன்னு எழுதிக் கொடுத்தா மறைக்கிறோம்னு நினைப்பாங்கம்மா," என்றார் அவர். "எல்லா ரூட்டுக்கும் இருக்கும்போது உங்க ரூட்டுக்கு மட்டும் எப்படி இல்லாம போகும்? யாராவது ஒருத்தரைக் காட்டிடுங்க."

மறுநாள் பேருந்தில் செய்தியைச் சொன்னேன். எங்கள் தடத்துக்குத் தலைவன் இல்லையே தவிர வாயாடி ஒருவன் இருந்தான். பொருளியல் படித்தான், அல்லது படிப்பதாகப் பதிவேட்டில் இருந்தது. அவன் படியில் தொங்கியவாறே தலையை உள்ளே நீட்டினான்.

"கேட்டீங்களாடா மச்சான்? போலீசே தல வையின்னு சொல்லுது. நாமதான் இத்தினி நாளா சும்மா கீறோம்."

"நீயே போயேன்டா," என்றான் அருகில் தொங்கியவன்.

"எனக்கு ஏற்கெனவே அட்டண்டென்சு ஐசியூல கீது. ஒரு நாள் லீவு போட்டாலும் பொட்டுனு போயிரும்."

"அப்ப யார்ரா?"

"எல்லார் பையும் யாராண்ட கீது? எல்லார் பேரும் யாருக்குத் தெரியும்? அவன்தான் தல."

பைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "டேய், எனக்கு வெரிஃபிகேஷன் வருதுடா. என்ன உட்ருங்க."

"அதுக்குத்தான் மாமே சொல்றேன். நாளைக்கு நீ போவப்போற எடம் அது. இப்பவே போயி இன்ஸ்பெக்டருக்கு ஒரு சல்யூட் அட்ச்சிட்டு வா. அப்பால வெரிஃபிகேஷனுக்கு வரசொல்ல, 'அட, நம்ம பையன்'னு டீ குட்ச்சிட்டுப் போயிருவாங்க."

இந்த வாதத்தில் குற்றம் காண எவராலும் இயலவில்லை, என்னாலும் இயலவில்லை. பைகளுக்குப் பின்னால் இரண்டு கண்களும் சிறிது நேரம் யோசித்தன. தொழிற்பேட்டைக்குச் செல்லும் பெண் ஒருவர், "போயிட்டு வாப்பா, நல்லதுதான். ஆனா அன்னிக்கு பைய யாரு புடிப்பா?" என்று மட்டும் கேட்டார்.

விழா அம்பத்தூரில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. மணமக்கள் அமரும் அரியணைகள் இரண்டிலும் விருந்தினர்கள் அமர்ந்திருந்தார்கள். பல தடங்களிலிருந்தும் தலைவர்கள் வந்திருந்தார்கள். என் அருகே நின்ற மெலிந்த இளைஞனிடம், "உங்கள் தடத்தின் தலைவன் நீயா?" என்று கேட்டேன்.

"இல்லீங்கம்மா. அண்ணாத்தே வர்ல. அவருக்கு இந்த மாதிரி எடத்துல மூஞ்சி காட்றது புடிக்காது. நீ போயி கையெழுத்து போட்டுட்டு, போண்டா துன்னுட்டு வான்னாரு."

மெல்ல விசாரித்ததில், மேடையேறியவர்களுள் பெரும்பாலோர் அவ்வாறே அனுப்பப்பட்டவர்கள் என்று தெரிந்தது. கல்லெறியாத, பாட்டுப் பாடாத, வகுப்புக்கு ஒழுங்காகச் செல்லும் இளைஞர்கள் அனைவரும் அன்று இனிமேல் கல்லெறிவதில்லை என்று உறுதி பூண்டார்கள். நான் எழுதிய உறுதிமொழி சற்று நீண்டுவிட்டது. பாதியில் பலருக்கு மூச்சு வாங்கியது. ஆய்வாளர் கண்கலங்கினார். ஒவ்வொருவருக்கும் பொன்னிற எழுத்துகள் பொறித்த பட்டை ஒன்றை மார்பின் குறுக்கே அணிவித்தார்.

அதோடு முடிந்திருந்தால் ஒரு கெடுதியும் இல்லை. ஆனால் திட்டத்தை மக்களிடம் கொண்டு செல்வதற்காக ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பதாகை வைக்க ஏற்பாடாகியிருந்தது. பதாகை அச்சிடும் கடைக்காரருக்கு இளைஞர்களின் படம் புதிதன்று. பிறந்தநாள் பதாகைகள் நாள்தோறும் அடிப்பவர். இளைஞனின் படம் என்றால் பின்னால் ஒரு சிங்கமும் சுற்றிலும் தீச்சுடரும் வைப்பது அவருடைய கணினியின் வழக்கம். எனவே சென்னீர்குப்பம் நிறுத்தத்தில் எழுந்த பதாகையில் இடப்பக்கம் ஆய்வாளர் கைகூப்பி நின்றார். வலப்பக்கம் எங்கள் இளைஞன் நின்றான். அவன் தோளுக்குப் பின்னால் சிங்கம் வாய் பிளந்திருந்தது. கீழே 'அமைதித் தூதர், தடத் தலைவர்' என்று எழுதியிருந்தது. தீயின் நடுவே அமைதி என்ற சொல்லைப் படிக்கச் சற்று முயல வேண்டியிருந்தது. தலைவர் என்ற சொல் தொலைவிலிருந்தே தெரிந்தது.

மறுநாள் அவன் பேருந்தில் ஏறியபோது முதலாண்டு மாணவர்கள் எழுந்து நின்றார்கள். முதலில் அவன் கூச்சப்பட்டான். "உக்காருங்கடா, இன்னாடா இது," என்றான். வழக்கம்போல் இருக்கையில் அமர்ந்து, சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பைகளைக் கேட்டான். எவரும் தரவில்லை.

"தல பை புடிக்கலாமா?" என்றான் வாயாடி. அவன் குரலில் கேலி இருந்ததா என்று சொல்வது கடினம். அவன் எதைச் சொன்னாலும் அந்தக் குரலில்தான் சொல்வான். ஆனால் முதலாண்டு மாணவர்கள் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுள் ஒருவன் இருக்கையைப் பெற்றுக்கொண்டு, பைகளையும் பெற்றுக்கொண்டான்.

மடியில் சுமையின்றி ஒருவன் நெடுநாள் உட்கார்ந்திருக்க முடியாது போலும். அவன் நின்றான். சில நாள்களில் வாயிலருகே நின்றான். பிறகு மேற்படியில் நின்றான். கையேட்டைக் காணவில்லை. ஒரு நாள் இருக்கைக்காகச் சண்டையிட்ட இருவரை, "ரெண்டு பேரும் நிறுத்துங்கடா" என்ற ஒரே அதட்டலில் பிரித்துவைத்தான். பேருந்தே திரும்பிப் பார்த்தது. தொழிற்பேட்டைப் பெண்கள்கூட, "பரவால்லையே" என்றார்கள். அந்தச் சொல் அவன் முகத்தில் பரவியதை நான் கண்டேன். மூன்றாண்டுகளாக எல்லாருடைய சுமையையும் மடியில் வைத்திருந்தவனை அதுவரை எவரும் பாராட்டியதில்லை. ஒரு முறை அதட்டியவுடன் பாராட்டு வந்துவிட்டது. இளைஞர்கள் எவ்வாறு வழிதவறுகிறார்கள் என்று அறிய ஆய்வாளர் வெளியூர்ப் பயிற்சிக்கெல்லாம் சென்றுவந்தவர். எங்கள் பேருந்தில் ஏறியிருந்தால் ஒரு மாதத்தில் முழுப் பாடமும் கிடைத்திருக்கும்.

தலைவன் இருக்கும் தடத்திற்கு விழா இல்லாமற் போகலாமா என்ற கேள்வி அடுத்து எழுந்தது.

"தல கீறாரு, போர்டு கீது, பஸ் டே மட்டும் இல்லன்னா மத்த ரூட்டுக்காரன் இன்னா நெனைப்பான்?" என்றார்கள்.

அவன் மறுத்தான், அதற்கு நானே சாட்சி. "வேணாம்டா, வெரிஃபிகேஷன் கீது," என்றுதான் சொன்னான். ஆனால் மறுப்பதிலும் இப்போது ஒரு தலைமைத்தனம் வந்திருந்தது. முடிவில் நிபந்தனைகளோடு இசைந்தான்: கூரைமேல் ஏறக் கூடாது, மேளம் கூடாது, வேறு தடத்தாரைப் பற்றி முழக்கம் கூடாது. அதுவரை வெறும் பேச்சாக இருந்தது, நிபந்தனைகள் வந்ததும் ஒழுங்கான நிகழ்ச்சியாகிவிட்டது.

அன்று காலை பேருந்தின் முகப்புக்கு மாலை போட்டார்கள், தலைவனுக்கும் போட்டார்கள். அவன் மாலைக்கு அடியில் அமைதித் தூதர் பட்டையையும் அணிந்திருந்தான். மேளம் தடைசெய்யப்பட்டிருந்ததால் பேருந்தின் பக்கவாட்டுத் தகட்டையே மேளமாகக் கொண்டார்கள். ஆவடிக்குச் சற்று முன்னால் தாளம் உச்சத்தை எட்டியபோது சன்னல் கண்ணாடி ஒன்று உடைந்து சாலையில் கொட்டியது. எவர் கையால் உடைந்தது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. ஒருவருக்கும் காயமில்லை. ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். எதிரே ரோந்து வாகனம் ஒன்று வந்துகொண்டிருந்தது.

எல்லாரும் ஓடினார்கள். வாயாடி எல்லாருக்கும் முன்னால் ஓடினான். மடியில் பைக்குன்றோடு இருந்த முதலாண்டு மாணவன் மட்டும் எழ முடியாமல் அப்படியே இருந்தான். அவனை எவரும் பொருட்படுத்தவில்லை. எங்கள் தலைவன் ஓடவில்லை. மாலையைச் சரிசெய்துகொண்டு, பட்டையின் எழுத்துகள் தெரியும்படி இழுத்துவிட்டு, ரோந்து வாகனத்தை நோக்கி நடந்தான். உறுதிமொழியில், பூசல் எழும் இடத்தில் காவல் துறைக்குத் துணை நிற்பேன் என்று ஒரு தொடர் இருந்தது. எழுதிய நானே அதை மறந்திருந்தேன்.

"சார், நான்தான் இந்த ரூட்டோட அமைதித் தூதர். ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், நான் பாத்துக்குறேன்," என்றான்.

வாகனத்திலிருந்து இறங்கியவர் பட்டையைப் படித்தார். மாலையைப் பார்த்தார். "இந்த ரூட்டு தல நீதானா?"

"ஆமா சார்."

"ஏறு."

கல்லூரியில் விடுப்புச் சொல்லிவிட்டு நான் காவல் நிலையத்தை அடைந்தபோது நண்பகலாகிவிட்டது. வாயிலில், பறிமுதல் செய்யப்பட்டுத் துருப்பிடித்துக் கிடந்த இருசக்கர வண்டிகளுக்கு நடுவே அவன் தாய் நின்றிருந்தார். வேலைக்குச் செல்லும் கோலத்தில், தோளில் சாப்பாட்டுப் பையோடு இருந்தார்.

"இன்னாம்மா இது? அவுங்களே தூதருன்னு போர்டு வெச்சாங்க. இப்ப அவுங்களே இட்டுகினு வந்து குந்த வெச்சிகிறாங்க. கேஸுன்னு எழுதிட்டா அவ்ளோதானாமே?"

"இன்னும் எழுதியிருக்க மாட்டார்கள், கேட்டுப் பார்க்கிறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றேன்.

ஆய்வாளர் என்னைக் கண்டதும் எழுந்தார். பேருந்துப் பணிமனையிலிருந்து வந்த புகார் மேசைமேல் இருந்தது. இளைஞன் சுவரோரம் ஒரு விசிப்பலகையில் உட்கார்ந்திருந்தான். மாலையைக் கழற்றியிருந்தார்கள், பட்டை மட்டும் மார்பில் இருந்தது.

"புகார் வந்திருச்சு, மேடம். யார் பேரையாவது எழுதித்தான் ஆகணும். தலைவன்னு ஒருத்தன் இருந்தா அவன் பேர்தான் முதல்ல வரும். நான் என்ன பண்ண?"

"அவன் தலைவன் அல்லன். எங்கள் தடத்தில் தலைவனே இல்லை என்று முதல்வரிடம் தொடக்கத்திலேயே சொன்னேன்."

"தலைவன்னு நானே போர்டு வெச்சிருக்கேனே." சற்று நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார். "அதுல நானும் நிக்கிறேன். நாளைக்கு இவன் மேல வழக்குன்னு வந்தா அந்தப் படத்தைத்தான் எல்லாரும் போன்ல அனுப்புவாங்க."

ஆகவே அவனைக் காப்பாற்றுவதில் அவருக்கும் ஒரு நலன் இருந்தது. அதில் நான் பெரிதும் நம்பிக்கை கொண்டேன். கருணையைவிட அது நீடித்து நிற்கக்கூடியது.

"இவன் தலைவன் இல்லைன்னா அது வேற விஷயம்," என்றார் அவர். "ஆனா நீங்க சொன்னா செல்லாது. ஓடிப்போன பசங்க சொல்லணும்."

நான் வாயாடியை அலைபேசியில் அழைத்தேன்.

"ஸ்டேஷனுக்கா? அம்மா, நாங்க இன்னும் ஓடிகினு கீறோம்மா."

"ஓடியது போதும். உங்களைப் பிடிக்கப்போவதில்லை. இங்கே வந்து உங்கள் நண்பனைத் தலைவனே இல்லை என்று சொல்ல வேண்டும். எவ்வளவு இழிவாகச் சொன்னாலும் நல்லது."

"அவனக் கலாய்க்கணுமா? மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? இதோ வந்துட்டோம்."

வந்தார்கள். அஞ்சித்தான் வந்தார்கள், வாயிலில் ஒருவரையொருவர் முன்னே தள்ளினார்கள். ஆனால் வாயாடி பேசத் தொடங்கியதும் அச்சம் விலகிவிட்டது.

"இவனா சார் தல? இவன் படியில நின்னா படியே சிரிக்கும் சார்."

"கண்டக்டர் விசில் அட்ச்சாகூட தேங்க்ஸ் சொல்லுவான் சார்," என்றான் இன்னொருவன்.

"சார், பஸ் டேவுக்கு கண்டிசன் போட்ட ஒரே தல இவன்தான் சார். மேளம் வாணாம், கூரை வாணாம், கத்தாதேன்னான். இன்னொரு நாளு உட்டிருந்தா பஸ்ஸே வாணாம்னிருப்பான்."

"நாங்க இவனத் தலன்னு கூப்டறது, எங்க பெரிம்மா பூனைக்குட்டியப் புலின்னு கூப்டற மாதிரி சார்."

ஒரு பெண் காவலர் கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார். ஆய்வாளரின் மீசையும் அசைந்தது. பழிச்சொற்கள் ஒவ்வொன்றும் அவனை வழக்கிலிருந்து ஓர் அடி வெளியே இழுத்துக்கொண்டிருந்தன. அவனைத் தவிர அங்கிருந்த அனைவருக்கும் அது தெரிந்திருந்தது. அவன் தலை குனிந்திருந்தான். காதுகள் சிவந்திருந்தன.

ஆய்வாளர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். "இவங்க சொல்றது இருக்கட்டும். நீ சொல்லு. நீ தலைவனா, இல்லையா?"

காலையில் இதே கேள்விக்கு அவன் தயங்காமல் விடை சொன்னவன். இப்போது தயங்கினான். இல்லை என்ற ஒரு சொல்லில் வேலையும் வீடும் நிற்கின்றன. அதைச் சொல்ல என்ன தடை என்று ஆய்வாளர் வியந்திருக்கக்கூடும். நான் வியக்கவில்லை. எழுந்து நின்ற முதலாண்டு மாணவர்களையும் 'பரவால்லையே' என்ற பெண்களையும் நான் பார்த்திருந்தேன்.

"சொல்லேன்டா," என்றான் வாயாடி. அப்போதுதான் அவன் குரல் வேறு மாதிரி ஒலிக்கக் கேட்டேன். "பெரிய மந்திரி போஸ்டு பாரு. உட்றா."

அவன் நிமிர்ந்து சன்னலுக்கு வெளியே பார்த்தான். பிறகு ஆய்வாளரைப் பார்த்தான்.

"இல்ல சார். நான் தல இல்ல. நான் யாருமே இல்ல சார்."

பட்டையைக் கழற்றி, எழுத்துகள் உள்ளே போகும்படி மடித்து, மேசைமேல் வைத்தான்.

இத்துடன் எல்லாம் முடிந்தது என்று நான் எண்ணினேன். ஆனால் ஆய்வாளருடைய சிந்தனை முறையான சிந்தனை. தலைவன் என்ற இடம் காலியாக இருப்பதை அது ஒப்பவில்லை. அவர் வாயாடியின் பக்கம் திரும்பினார்.

"ஒரு போன்ல இத்தனை பேரையும் கூட்டிட்டு வந்திருக்க. அப்போ நீதான் தலைவனா?"

வாயாடி நண்பர்களுக்குப் பின்னால் நகரப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "நான் கூட்டியார்ல சார். தமிழம்மா போன் பண்ணாங்க. அவுங்க சொன்னா வருவோம் சார்."

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். உறுதிமொழியை எழுதியவள், அன்றாடம் அதே பேருந்தில் வருபவள், அழைத்தால் கூட்டம் கூடுகிறது. அவருடைய முறைப்படி விடை தெளிவாக இருந்தது. அவர் பேனாவை மூடினார். சிறிது நேரத்திற்குப் பின் மீண்டும் திறந்து, கண்ணாடியை உடைத்தவர்கள் அடையாளம் தெரியாத நபர்கள் என்று எழுதினார். அடையாளம் தெரியாத நபர்கள் அனைவரும் எதிரே வரிசையாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பணிமனைக்குப் போய்ப் பேருந்தைக் கழுவிக் கொடுக்கும்படி அவர்களுக்கு வாய்மொழியாக ஆணையிட்டார். கழுவினார்கள், அவனும் போய்க் கழுவினான்.

ஆனால் நடத்தை விசாரணை இன்னும் எஞ்சியிருந்தது. தாய் அந்த வார ஓய்வு நாளிலேயே நிறுத்தத்திலிருந்த பதாகையை அவிழ்த்து வந்து, அச்சிட்ட பக்கம் கீழே இருக்கும்படி குளியலறைக் கூரைமேல் விரித்துவிட்டார். ஆனால் தெருவின் நினைவை அவிழ்த்து விரிக்க அவரால் இயலவில்லை. விசாரிக்க வந்த தலைமைக் காவலர் வழக்கப்படி தேநீர்க் கடையில் தொடங்கினார். பையன் எப்படி என்று கேட்டார். கடைக்காரர் அவன்மேல் அன்புடையவர். தம்மால் இயன்ற மிகப் பெரிய நற்சான்றை வழங்கினார்.

"அவனா சார்? நம்ம ஏரியா தல சார் அவன். பெரிய கையி."

தலைமைக் காவலரின் பேனா நின்றது. கடையில் அமர்ந்திருந்த இருவரும் ஆமாம், ஆமாம் என்று துணை நின்றார்கள். நம்பவில்லை என்று எண்ணியோ என்னவோ, கடைக்காரர் மேலும் சொன்னார்: "வோணும்னா போர்டப் பாருங்க சார். அவங்க ஊட்டுக் கூரை மேல கீது."

அவரை அழைத்துச் சென்று காட்டியும் விட்டார்கள். தாய் செய்வதறியாமல் கதவருகே நின்றாராம். தலைமைக் காவலர் ஒரு முக்காலிமேல் ஏறிப் பதாகையின் மூலையைத் தூக்கினார். சிங்கம் தெரிந்தது; தீ தெரிந்தது; இன்னும் சற்றுத் தூக்கியபோது, கைகூப்பிய தம்முடைய ஆய்வாளர் தெரிந்தார். அவர் சிறிது நேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூலையை மெதுவாகக் கீழே விட்டார். இறங்கி, தண்ணீர் வாங்கிக் குடித்து, நன்னடத்தை உடையவர் என்று எழுதிக்கொண்டு போனார்.

பணி ஆணை வந்தபிறகு ஒரு நாள் அவன் அதே பேருந்தில் ஏறி என் அருகே வந்து நின்றான். பயிற்சிக்குப் புறப்படுவதற்கு முன் சொல்லிக்கொள்ள வந்திருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான்.

"ஓடறது, கயிறு ஏர்றது எல்லாங்கூட ஈசியா இருந்துச்சும்மா," என்றான். "அன்னிக்கு ஸ்டேஷன்ல யாருமில்லன்னு சொன்னேன் பாருங்க, அதான் கஷ்டமா இருந்துச்சு. ஒரு நிமிசம், ஆமா நான்தான் தல, இன்னா இப்பன்னு சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துருச்சு."

"ஏன் சொல்லவில்லை?"

நான் எதிர்பார்த்த விடைகள் சில இருந்தன. நண்பர்கள் வந்து நின்றது, அவன் படித்த படிப்பு, ஒருவேளை அந்த உறுதிமொழியின் ஏதேனும் ஒரு தொடர்.

"ஜன்னல்ல பாத்தேம்மா. அம்மா வண்டிங்களாண்ட நின்னுகினு மணியப் பாத்துகினே இருந்தாங்க. ரெண்டாவது ஷிப்டுக்கு நேரமாயிடுச்சு. நான் பாட்டுக்கு ஏதாவது சொல்லி வெச்சா அவுங்க அங்கயே உக்காந்துருவாங்க, அன்னிக்கு ஆப்சென்ட்டு. சட்டுனு முடிச்சுட்டா போயிருவாங்களேன்னுதான்."

"போனார்களா?"

"போயிட்டாங்க. லேட்டுதான். சூப்பர்வைசர் திட்னாராம்."